சில்லை மாற்றினால் நாதம் மாறுமா?

முழவு கட்டுவோர் ஐயமின்றி அறிந்த உண்மையொன்று உண்டு. ஒரு வாத்தியத்தின் நாதம் அதன் எல்லா உறுப்புக்களிலும் ஒருங்கே பிறப்பதில்லை. எசலப் பெரஹராவின்போது கண்டி வீதிகளை அதிரச் செய்யும் 'கெட்டபெர' என்னும் முழவை எடுத்துக்கொள்வோம். தோலை மாற்றினால் அதன் நாதம் மாறும். வாரை இறுக்கினால் சுருதி ஏறும். ஆனால் அதனை இடுப்பிற் பிணைக்கும் துணியை மாற்றுவதனால் யாதும் நேராது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பும் வித்துவானும் இதனை நன்கறிவார். எவ்விடத்திற் கைவைத்தால் எவ்வொலி மாறும் என்பது, கையும் காதுமாகப் பரம்பரையாய் வந்த அறிவு.

மின்னால் ஒலிக்கும் வாத்தியங்களில் இவ்வறிவு அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. உறுப்புக்கள் யாவும் ஓர் உலோகப் பெட்டியினுள் மறைந்து கிடக்கின்றன. ஆதலின், கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மேலைத்தேய இசை பயிலும் இளைஞரிடையே ஒரு கேள்வி எழுவதுண்டு. இந்நகருக்கு அவ்விசை புதிதன்று. கல்லூரி வாத்தியக் குழுக்கள், திருமண மண்டபங்களிலும் விடுதிகளிலும் வாசிப்போர், 2001 ஆம் ஆண்டிற் கண்டியிலேயே தோன்றிய 'பரனோயிட் ஏர்த்லிங்' போன்ற றொக் இசைக் குழுக்கள் எனப் பலரும் இங்குண்டு. அவர்களுட் பேஸ் கிற்றார் வாசிப்போர் சிலர், 'ஓவர்டிரைவ் பெடல்' எனப்படும் சிறு பெட்டியைக் காலடியில் வைத்து, வேண்டியபோது மிதித்து, தந்தியின் ஒலிக்கு ஒரு கரகரப்பை ஊட்டுவர். அப்பெட்டியினுள் எட்டுக் கால்களோடு அமர்ந்திருக்கும் சில்லைக் கழற்றிவிட்டு, வேறு பெயர் பொறித்த சில்லொன்றைப் பொருத்தினால் நாதம் சிறக்குமா என்பதே கேள்வி.

கேள்வி சிறிது, அதன் செலவு சிறிதன்று. இத்தகைய பெட்டிகள் பிற நாடுகளிலிருந்து வருபவை. 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க டொலரின் விலை இரண்டொரு மாதங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தமையை நாடு மறந்திருக்க முடியாது. வாசித்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பெட்டியைத் திறந்து, பற்றாசுக் கோலாற் சில்லைப் பெயர்க்க முற்படும் இளைஞர், தாம் எதனை மாற்றுகின்றோம் என்பதை அறிந்து மாற்றுதல் நன்று.

முதலில், பெட்டி செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். வெற்றிடக் குழாய்கள் பொருந்திய பழைய ஒலிபெருக்கிகளை அவற்றின் ஆற்றலுக்கு மேல் உந்தினால், ஒலியலையின் முகடுகள் மழுங்கும். முகடு மழுங்கியவிடத்துப் புதிய மேற்றொனிகள் பிறக்கும். அம்மேற்றொனிகளையே நம் காது கரகரப்பாகவும் 'சூடாகவும்' உணர்கின்றது. ஓவர்டிரைவ் பெடல் இதனைச் சிறிய அளவிற் செய்கின்றது. கிற்றாரிலிருந்து வரும் மெலிந்த மின்னலையைச் சில்லு பலமடங்கு பெருக்குகின்றது. பெருகிய அலையின் முகட்டை, எதிரெதிராக வைத்த இரு இருவாயிகள் ஏறத்தாழ 0.6 வோல்ற்றில் தறித்துவிடுகின்றன. ஆகவே, கரகரப்பைப் பெரும்பாலும் பிறப்பிப்பவை இருவாயிகளேயன்றிச் சில்லன்று.

சில்லின் முழுப்பெயர் செயற்பாட்டு விரியலாக்கி. நமது க.பொ.த. உயர்தரப் பௌதிகவியற் பாடத்திட்டத்தில் இதற்கு இடமுண்டு. பேராதனையிற் பொறியியல் பயிலச் செல்லும் மாணவர் இதனை முன்னரே அறிந்துதான் செல்கின்றனர். ஜோன் றகசினியும் உடனாய்வாளரும் 1947 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இப்பெயர் வழங்கப்பட்டது. கூட்டல், கழித்தல், தொகையிடல் ஆகிய கணிதச் செயற்பாடுகளை மின்னாற் செய்வித்தமையால் இப்பெயர். அந்நாளில் அது வெற்றிடக் குழாய்களால் ஆன பெரிய உறுப்பு. 1968 ஆம் ஆண்டில் பெயார்ச்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 என்னும் சில்லில், அது விரல்நுனியில் அடங்கும் அளவினதாயிற்று. கணக்கிடப் பிறந்த பொருள் பாட்டுக்கு வந்து சேர்ந்த கதை இது.

சில்லை மாற்றும் ஆசைக்கு விதை எங்கே விழுந்தது? ஐபனெஸ் நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் 'ரியூப் ஸ்கிறீமர்' என்னும் பெடலின் ரீ.எஸ். 808 என்ற வகையையும், 1982 ஆம் ஆண்டில் ரீ.எஸ். 9 என்ற வகையையும் வெளியிட்டது. அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் ஸ்ரீவி றே வோன் இவற்றைப் பயன்படுத்தியமையாற் புகழ் பரவியது. பழைய பெட்டிகளைத் திறந்தோர், ஜே.ஆர்.சி. 4558டி என்னும் எழுத்துப் பொறித்த சில்லைக் கண்டனர். பிற்காலப் பெட்டிகள் சிலவற்றில் வேறு சில்லுகள் இருந்தன. பழையதன் இனிமைக்கு அந்த எழுத்தே காரணம் என்ற முடிவு பிறந்தது. ஆனால், இரு வகைகளுக்கும் இடையே வேறொரு வேற்றுமையும் இருந்தது. 808 இன் பயப்பில் 100 ஓம், 10 கிலோ ஓம் தடையிகள். 9 இல் 470 ஓம், 100 கிலோ ஓம் தடையிகள். ஒன்பதை எண்ணூற்றெட்டாக மாற்றித் தருவோர் சில்லையும் இத்தடையிகளையும் ஒரே அமர்வில் மாற்றுவது வழக்கம். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டுப் பலனை ஒன்றின் கணக்கில் எழுதுவது, இரு மருந்தை ஒன்றாய் விழுங்கிவிட்டு விலையுயர்ந்ததையே புகழ்வது போலாகும்.

இனி, சில்லின் பங்கைச் சற்று நின்று ஆராய்வோம். விடயத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. 1920களில், நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளின் வழியே பல விரியலாக்கிகள் தொடராக அமைக்கப்பட்டிருந்தன. வெற்றிடக் குழாய் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. புதியது ஒருவிதமாகவும் பழையது வேறுவிதமாகவும் ஒலியைக் கெடுக்கும். இத்தொல்லைக்குத் தீர்வு தேடிய பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக், 1927 ஆகஸ்ற் 2 ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைத் தோணித்துறைக் கப்பலிற் கடந்து வேலைக்குச் செல்கையில், கையிலிருந்த நியூ யோர்க் ரைம்ஸ் செய்தித்தாளின் மீதே தமது விடையை எழுதினார். அதுவே பின்னூட்டல். தேவைக்கு மிக அதிகமான பெருக்கத்தைக் கொடுக்கும் விரியலாக்கியை அமைத்து, அதன் பயப்பில் ஒரு பங்கைத் திருப்பிப் பெய்ப்பிற்கு எதிராகச் செலுத்தினால், மிகையான பெருக்கம் முழுதும் பிழையைத் திருத்துவதிற் செலவாகிவிடும். எஞ்சும் பெருக்கம், குழாயின் குணத்தைச் சாராது, திருப்பி அனுப்பும் தடையிகளின் விகிதத்தை மட்டுமே சார்ந்து நிற்கும். உறுப்புக்கு உறுப்புள்ள வேற்றுமை வெளியே தெரியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே கண்டறியப்பட்ட உத்தி இது. நாதத்தை உயர்த்தும் பொருட்டு அச்சுற்றிற் சில்லைத் தேடி மாற்றுவோர், எந்த வேற்றுமையை மறைக்க அறிஞர் பாடுபட்டனரோ அந்த வேற்றுமையையே காசு கொடுத்துத் தேடுகின்றனர்.

பெரஹராவில் நடக்கும் யானைக்கு எத்துணை வலிமை! ஆயினும் ஊர்வலத்தின் நடையை அவ்வலிமை தீர்மானிப்பதில்லை. பாகனின் சொல் தீர்மானிக்கின்றது. ஒரு யானைக்குப் பதிலாக வேறொரு யானையை நிறுத்தினாலும் ஊர்வலம் அதே நடையிற் செல்லும்.

எண்களைக் கொண்டும் இதனைக் காணலாம். சில்லின் சொந்தப் பெருக்கம் ஒரு இலட்சம் மடங்களவில் இருக்கும். ரியூப் ஸ்கிறீமரின் சுற்றில், பின்னூட்டல் வழியில் 51 கிலோ ஓம் தடையியும் 500 கிலோ ஓம் திருகியும், மறுபுறம் 4.7 கிலோ ஓம் தடையியும் உள்ளன. திருகியை முற்றாக முறுக்கினாலும் வேண்டப்படும் பெருக்கம் ஏறத்தாழ 118 மடங்கேயாகும். 4558 சில்லின் நயமும் மீடிறனும் பெருக்கிவந்த எல்லை ஏறத்தாழ 30 இலட்சம். அதனை 118 ஆல் வகுத்தால், செக்கனுக்கு 25,000 அதிர்வுகள்வரை சில்லு தளர்வின்றி வேலை செய்யும் என்பது பெறப்படும். மனிதச் செவியின் எல்லையோ 20,000. மேலும், பின்னூட்டல் வழியிலுள்ள 51 பிக்கோபரட்டுக் கொள்ளளவி, அப்பெருக்கத்தில் ஏறத்தாழ 5,700 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றை முன்னதாகவே தணித்துவிடுகின்றது. பத்து மைல் வேகத்தில் மட்டுமே செல்ல அனுமதியுள்ள தெருவில், வண்டியின் உச்ச வேகத்தைப் பற்றி வாதிடுவதாற் பயன் என்ன?

அப்படியாயின், பேஸ் கிற்றார் வாசிப்போர், 'பெடலை மிதித்ததும் அடிநாதம் மெலிந்துபோகின்றது' என்று சொல்லும் குறை கற்பனையா? அன்று. குறை மெய்யே, குற்றவாளிதான் வேறு. முற்கூறிய 4.7 கிலோ ஓம் தடையியோடு 0.047 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று தொடராக உள்ளது. இவ்விரண்டும் சேர்ந்து செக்கனுக்கு 720 அதிர்வுகள் என்ற இடத்தில் ஒரு வாயிற்படியை அமைக்கின்றன. அதற்கு மேலுள்ள ஒலிகள் முழுப் பெருக்கம் பெறும். கீழுள்ளவை இறங்க இறங்கப் பெருக்கம் குன்றும். பேஸ் கிற்றாரின் நான்கு திறந்த தந்திகளும் செக்கனுக்கு முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 முறை அதிர்பவை. நான்குமே வாயிற்படிக்கு வெகு கீழே நிற்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், உயர்ந்த ஒலி நூறு மடங்குக்கு மேற் பெருகும் அதே வேளையில், 41 அதிர்வுள்ள தடித்த தந்தியின் அடித்தொனி ஏழு மடங்கும் பெருகுவதில்லை. சாதாரணக் கிற்றாருக்கென வகுத்த பெட்டியைப் பேஸ் கிற்றாருக்கு முன் வைத்தமையின் விளைவு இது. இங்கே எச்சில்லைச் செருகினாலும் ஏழு ஏழுதான்.

அக்கொள்ளளவியைப் பத்து மடங்கு பெரிதாக்கி 0.47 மைக்குரோபரட்டாக வைத்தால், வாயிற்படி 72 அதிர்வுக்கு இறங்கும்; அதே 41 அதிர்வுத் தொனி ஏறத்தாழ 59 மடங்கு பெருகும். ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூடப் பெறாத உறுப்பு இது. ஆயினும், இதனாற் குறை யாவும் தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அடித்தொனியின் அலை பெரியது. அது முழுப் பெருக்கத்தோடு இருவாயிகளிடம் சென்றால், அதன் முகட்டோடு மற்ற ஒலிகளையும் அவை சேர்த்துத் தறித்துவிடும். இரண்டு தந்திகளை ஒருங்கே மீட்டினால் சுரம் பிரியாது குழம்பும். முதற் சுற்றை வகுத்தோர் அடித்தொனியைக் குறைத்தது அறியாமையால் அன்று.

இதற்கு உற்பத்தியாளர் கண்ட வழி கவனிக்கத்தக்கது. பொஸ் நிறுவனம் 1994 ஆம் ஆண்டிற் பேஸ் கிற்றாருக்கென்றே ஓ.டி.பி. 3 என்னும் ஓவர்டிரைவ் பெடலை வெளியிட்டது. அதில் 'பலன்ஸ்' என்னும் திருகியொன்று உண்டு. கரகரப்பான ஒலியோடு, கிற்றாரிலிருந்து வந்த தூய ஒலியையும் வேண்டிய அளவிற் கலப்பதே அதன் பணி. கரகரப்பு மேற்றொனிகளிலிருந்து வரட்டும், அடிநாதம் தூய ஒலியிலிருந்து வரட்டும் என்று வேலையைப் பங்கிட்ட அறிவுடைமை அது. பேஸ் பெடலை வாங்க எண்ணுவோர் இத்தகைய கலப்புத் திருகி உண்டா என்று முதலிற் பார்ப்பது, உள்ளேயிருக்கும் சில்லின் பெயரை வினாவுவதினும் பயனுடையது.

சில்லு எங்குமே நாதத்தைத் தீண்டாது என்று கூறினும் அது மிகையாகும். யானையை மீண்டும் நினைப்போம். சமதரையில் யானைக்கு யானை வேற்றுமை தெரியாது. செங்குத்தான மலைப்பாதையிற் பெரும் பாரத்தை இழுக்கும்போது தெரிந்துவிடும். அமெரிக்காவின் புறோகோ நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் வெளியிட்ட 'றற்' என்னும் பெடல் அத்தகைய மலைப்பாதை. அதிற் பெருக்கம் 2,000 மடங்குக்கும் மேல் ஏறும். அதில் முதலிற் பொருத்திய எல்.எம். 308 சில்லு மந்தமானது. ஒரு மைக்குரோ செக்கனில் ஏறத்தாழ 0.3 வோல்ற்றுக்கு மேல் அதன் பயப்பால் ஏற இயலாது. 4558 சில்லுக்கு அவ்வேகம் 1 வோல்ற்றளவு. 072 சில்லுக்குப் 13 அளவு. அலை ஏற முயல்கையில் 308 பின்தங்குவதால் கூர்மை மழுங்கி, அப்பெடலுக்கே உரிய கனத்த ஒலி உண்டாகின்றது. 308 கிடைத்தல் அரிதானபின், அதே மந்த வேகமுள்ள ஓ.பி. 07 என்ற சில்லு பிற்காலப் பெட்டிகளில் இடம்பெற்றது. அங்கே வேகமான சில்லைப் பொருத்துவோர் மெய்யாகவே வேறு ஒலியைக் கேட்பர். சில்லு சிறந்தமையால் அன்று, சில்லின் குறையே நாதத்தின் ஒரு பகுதியாக அமைந்தமையால்.

இரைச்சலிலும் வேற்றுமை உண்டு. 5532 என்னும் சில்லு 072 இனும் அமைதியானது. ஆனால், பெடலிற் கேட்கும் இரைச்சலிற் பெரும்பங்கு பெரிய தடையிகளிலிருந்தும் கிற்றாரின் சுருளிலிருந்துமே வருகின்றது. அன்றியும் 5532 ஏறத்தாழ 8 மில்லியம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். 072 உண்பது 3 மில்லியம்பியருக்கும் குறைவு. ஒன்பது வோல்ற்று மின்கலத்தை நம்பி வாசிப்போர் அவ்வமைதிக்குச் செலுத்தும் வரி அது.

'எண்கள் எப்படியாயினும், எங்கள் காது கேட்கின்றதே' என்று சிலர் கூறக்கூடும். காதைப் பழிக்க வேண்டியதில்லை. அதனைச் சோதிக்கும் முறையையே பார்க்க வேண்டும். 1933 ஆம் ஆண்டில் பிளெற்சர், மன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி மெலியும்போது நம் செவி அடித்தொனிகளையே முதலில் இழக்கின்றது. உரக்கும்போது அவை விரைவில் நிறைவு பெறுகின்றன. ஆகவே, சில்லை மாற்றிய பின் திருகி சற்றே மேலே நின்றுவிட்டாலும், 'அடிநாதம் தடித்துவிட்டது' என்று காது நேர்மையாகவே சான்று சொல்லும். புதிதாக வாங்கிய பொருளிடம் மனம் காட்டும் பரிவு வேறு.

இதற்குத் தேயிலை நாட்டினர்க்குப் பொருத்தமான ஒரு பரிசோதனை உண்டு. ஜேம்ஸ் ரெயிலர் 1867 ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துர கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. அத்தேயிலையைப் பருகிய இங்கிலாந்தில், கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே கூறுவேன் என்றார் ஒரு பெண்மணி. புள்ளிவிபர அறிஞர் றொனால்ட் பிஷர், 1935 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனையே எடுத்துக்காட்டாக்கினார். நான்கு கோப்பைகள் ஒருவிதமாகவும் நான்கு மற்றொரு விதமாகவும் கலந்து, வரிசை தெரியாதபடி கொடுத்தால், வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்றே.

பெடலுக்கும் இதுவே வழி. கிற்றார் வாசிப்பு ஒன்றைப் பதிவுசெய்து, அதனையே இரு சில்லுகளினூடும் செலுத்த வேண்டும். விரல் ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக மீட்டாது அல்லவா? பயப்பின் அளவைப் பல்மானியால் ஒப்பாக்க வேண்டும். நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்தின்படி சில்லைத் தெரிந்து ஒலிப்பிக்க, கேட்போர் முதுகைத் திருப்பி அமர்ந்து விடையை எழுத வேண்டும். பன்னிரண்டு முறை செய்து, பத்தோ அதற்கு மேலோ சரியானால், அது ஊகத்தால் நேர்வதற்கு ஏறத்தாழ ஐம்பதில் ஒரு வாய்ப்பே உண்டு. அப்பொழுது வேற்றுமை இருக்கின்றது என நம்பலாம். ஆறோ ஏழோ சரியானால், பழைய சில்லையே இருக்கவிடலாம். பாடசாலை விஞ்ஞானக் கழகமொன்று ஒரு பிற்பகலில் நடத்தி முடிக்கக்கூடிய காரியம் இது.

வாங்கும் சில்லு மெய்யானதா என்ற கேள்வியும் உண்டு. புகழ்பெற்ற 4558டி இன் எழுத்தைப் பழித்து அச்சிட்ட போலிகள் உலகச் சந்தையில் உலவுவது மின்னணுத் தொழிலார் யாவரும் அறிந்ததே. பெயர் பொறித்த மேற்பரப்பைச் சுரண்டி வேறு பெயர் எழுதுதல் கடினமன்று. போலியுள்ளும் ஓர் எளிய சில்லு வேலை செய்துகொண்டிருப்பதாலும், முற்கூறிய பின்னூட்டல் வேற்றுமையை மறைத்துவிடுவதாலும், ஏமாந்தவர் மகிழ்ச்சியோடே வாசித்துக்கொண்டிருப்பார்.

பற்றாசுக் கோலை எடுத்தே தீருவோம் என்போர், எட்டுக் கால்களையும் ஒருங்கே சூடாக்கிப் பிடுங்குதல் ஆகாது. பலகையிலுள்ள செப்புத் தடங்கள் உரிந்து வந்துவிடும். சில்லைத் தொடாது, இரண்டே கால்களுள்ள அந்த 0.047 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியைக் கழற்றி, அவ்விடத்தில் முதலில் 0.1 ஐ வைத்துக் கேட்கலாம். வாயிற்படி ஏறத்தாழ 340 அதிர்வுக்கு இறங்கும். பின்னர் 0.22 ஐ வைத்தால் 154 அளவுக்கு இறங்கும். சுரங்கள் குழம்பத் தொடங்கும் இடம் ஒவ்வொருவருடைய கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்ப வேறுபடும். அவ்விடம் வந்ததும் ஒரு படி பின்வாங்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். கழற்றிய கொள்ளளவியைப் பெட்டியின் மூடியினுள் ஒட்டிவைத்தல் நல்லது. பெடலை அடுத்து வாங்குபவர் சாதாரணக் கிற்றார் வாசிப்பவராயிருக்கக் கூடும்.